உண்ணாத கொழுப்பு

நான்கு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு இரத்தப் பரிசோதனை அறிக்கைகள் என் மேசை இழுப்பறையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. முதலாவதில் டிரைகிளிசரைடு, அதாவது மூன்று கொழுப்பு அமிலங்கள் கோத்த கொழுப்பு, ஒரு டெசிலிட்டருக்கு 168 மில்லிகிராம். 150-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று பக்கத்துக் கட்டத்தில் அச்சிட்டிருந்தது. "எண்ணெயையும் கொழுப்பையும் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள்" என்றார் மருத்துவர். அந்தக் 'கொஞ்சம்' என் காதில் ஏறவில்லை. எடுத்த காரியத்தை அரைகுறையாக விடாதவன் என்ற வீண் பெருமிதத்தோடு அன்று மாலையே எண்ணெய்ப் புட்டிகளை எல்லாம் மேல்தட்டில் ஏற்றிவிட்டேன். வெண்ணெய் இல்லை, வறுத்தது இல்லை, கொட்டைப் பருப்புகள் இல்லை, முட்டையின் மஞ்சள் கருவும் இல்லை. வயிறு நிறைய வேண்டுமே என்பதற்காகக் 'கொழுப்பு நீக்கியது' என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட பொட்டலங்களையும், ரொட்டியையும், பழச்சாற்றையும், இனிப்பூட்டிய தானியக் கலவைகளையும் கணக்குப் பார்க்காமல் உண்டேன். இரண்டாவது அறிக்கையில் அதே வரியில் 231 என்று இருந்தது.

ஆய்வகத்தில் குழாய்களை மாற்றிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். மருத்துவர் அப்படி நினைக்கவில்லை. "இந்த நான்கு மாதமும் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டார். வெண்ணெய் தொடவில்லை, எண்ணெய் தொடவில்லை என்று நான் வரிசையாக ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, "நீங்கள் சாப்பிடாததைச் சொல்கிறீர்கள். நான் சாப்பிட்டதைக் கேட்டேன்" என்றார். அன்று அந்த வாக்கியம் எனக்குச் சற்று எரிச்சலாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் ஒரே கேள்வி விடாமல் உறுத்திக்கொண்டிருந்தது: வாயில் கொழுப்பே போடாதவனின் இரத்தத்தில் அத்தனை கொழுப்பு எங்கிருந்து வந்தது? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியின் பின்னால் நான் போன வழி. நான் மருத்துவனோ உயிர்வேதியியல் படித்தவனோ அல்லன். ஆனால் சொந்த இரத்தத்தைப் பற்றிய கேள்வி என்பதால் எளிதில் விட மனம் வரவில்லை.

உறைந்த பாத்திரம்

என் பிழையின் வேர் ஒரு காட்சியில் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். சூடாக இருந்தபோது தெளிவாக ஓடிய கொழுப்பு, பாத்திரம் ஆறியதும் வெள்ளையாக உறைந்து ஓரத்தில் அப்பிக்கொள்ளும். அந்தக் காட்சியை அப்படியே உடலுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டேன். இரத்தக்குழாய் ஒரு வடிகால். அதில் கொழுப்பை ஊற்றினால் உறைந்து அடைக்கும். ஊற்றாவிட்டால் சுத்தமாக இருக்கும். இதைவிட எளிய உடற்கூறு இருக்க முடியாது. இதைவிடத் தவறானதும் இருக்க முடியாது.

இருந்தாலும் உறைவதற்குப் பின்னால் உள்ள வேதியியல் மெய்யானது, அதைத் தெரிந்துகொள்ளாமல் மேலே போகவும் முடியாது. கொழுப்பு அமிலம் என்பது கரி அணுக்கள் கோத்த ஒரு சங்கிலி. 18 கரி அணுக்கள் கொண்ட ஸ்டியரிக் அமிலத்தில் இரட்டைப் பிணைப்பு ஒன்றுகூட இல்லை. அதனால் சங்கிலி நீட்டி நிமிர்ந்து நிற்கும், அண்டைச் சங்கிலிகளோடு நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும். உருக வேண்டுமானால் ஏறக்குறைய 69 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதே நீளமுள்ள ஓலிக் அமிலத்தின் நடுவில் ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பு. அந்த இடத்தில் சங்கிலி முழங்கை போல மடங்குகிறது, மடங்கியவற்றை நெருக்கி அடுக்க முடிவதில்லை, உருகுநிலை 13 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. லினோலிக் அமிலத்தில் இரண்டு மடிப்புகள். அது பூஜ்யத்துக்குக் கீழே 5 டிகிரி வரை உறையாது. நீளம் மாறவில்லை, எடையும் பெயரளவுக்குத்தான் மாறியது. இரண்டோ நான்கோ ஹைட்ரஜன் அணுக்களின் வேறுபாட்டில் மெழுகு எண்ணெயாகிவிடுகிறது. நிறைவுற்றது, நிறைவுறாதது என்று நாம் பெயர் வைத்திருப்பது இந்த வேறுபாட்டுக்குத்தான்.

ஆனால் உண்ட கொழுப்பு உறைந்த பாத்திரத்தில் இருந்த வடிவத்தில் எங்கும் பயணம் செய்வதில்லை. சிறுகுடலில் பித்த உப்புகள் அதைத் துளித்துளியாக உடைக்கின்றன. கணையத்தின் லைப்பேஸ் நொதி ஒவ்வொரு டிரைகிளிசரைடிலிருந்தும் இரண்டு கொழுப்பு அமிலங்களை வெட்டி எடுக்கிறது. குடற்சுவரின் செல்கள் துண்டுகளை உள்ளே வாங்கி, மீண்டும் டிரைகிளிசரைடாக ஒட்டி, புரத உறை போர்த்திய நுண்துகள்களாக நிணநீர் வழியே இரத்தத்துக்கு அனுப்புகின்றன. குட்டையான சங்கிலிகள் மட்டும் இந்தச் சுற்றுவழியை விட்டு நேராகக் கல்லீரலுக்குப் போய்விடும். பிரித்து, எண்ணி, மறுபடி கட்டி அனுப்பும் ஓர் ஏற்பாட்டை நான் வடிகாலோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

கல்லீரலின் சொந்தச் சரக்கு

231 என்ற எண்ணுக்கு விடை கல்லீரலில் இருந்தது. உண்ணும் மாவும் சர்க்கரையும் உடனடித் தேவைக்கு மேல் போகும்போது ஒரு பகுதி கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சங்கிலியாகச் சேமிக்கப்படுகிறது. அந்தக் கிடங்கு மிகச் சிறியது. அது நிறைந்த பிறகும் சர்க்கரை வந்துகொண்டே இருந்தால், கல்லீரல் அதைச் சிதைத்து, இரண்டிரண்டு கரி அணுக்களாகச் சேர்த்துக் கொழுப்பு அமிலம் கட்டத் தொடங்குகிறது. ஏழு சுற்றுகள் முடிந்து சங்கிலி 16 கரி அணுக்களை எட்டியதும் நொதி அதை வெட்டி விடுகிறது. அப்படி வெளிவருவதன் பெயர் பால்மிட்டிக் அமிலம். நிறைவுற்றது; உருகுநிலை 63 டிகிரி. எந்தக் கொழுப்புக்குப் பயந்து புட்டிகளை மேல்தட்டில் ஏற்றினேனோ, அதே கொழுப்பைப் பழச்சாற்றிலிருந்து என் கல்லீரல் எனக்குத் தயாரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. இதைப் படித்த இரவு நான் வாய்விட்டுச் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. கொழுப்பு கட்டும் வேலையின் முதற்படியில் உண்டாகும் மலோனைல் கோஎன்சைம் ஏ என்ற இடைப்பொருள், கொழுப்பு அமிலங்கள் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் எரிக்கப்படப் போகும் வாசலையும் அடைத்துவிடுகிறது. ஒரு பக்கம் கட்டிக்கொண்டே மறுபக்கம் எரித்தால் வேலை வீண் என்பதால் உடல் செய்துவைத்த ஏற்பாடு அது. இன்சுலின் உயர்ந்திருக்கும் வரை கட்டும் வேலை முன்னிற்கும், எரிக்கும் வேலை பின்வாங்கும். பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸ் இன்னும் ஒரு படி மேல்: குளுக்கோஸின் சிதைவை நிதானப்படுத்தும் முக்கியக் கட்டுப்பாட்டுப் படியை அது தாண்டியே உள்ளே நுழைகிறது. கட்டிய கொழுப்பைக் கல்லீரல் தன்னிடமே வைத்துக்கொள்ள விரும்பாமல் வி.எல்.டி.எல். என்ற துகள்களில் ஏற்றி இரத்தத்தில் விடுகிறது. வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்று அளக்கப்படுவது பெரும்பாலும் இந்தத் துகள்கள் சுமக்கும் சரக்குதான்.

எல்லோருக்கும் எந்நாளும் இப்படி நடக்கும் என்று இதைப் படித்துக்கொள்ளக் கூடாது. கொழுப்பும் மாவும் கலந்த வழக்கமான உணவில் கல்லீரல் புதிதாகக் கட்டும் கொழுப்பின் பங்கு சிறியது. உணவில் கொழுப்பை அடிமட்டத்துக்குக் குறைத்து, அந்த இடத்தை எளிய சர்க்கரைகளால் நிரப்பும்போதுதான் அது தலைதூக்குகிறது. 1996-இல் வெளியான ஓர் ஆய்வில், மொத்த ஆற்றலில் 10 விழுக்காடு மட்டும் கொழுப்பும் 75 விழுக்காடு மாவுச்சத்தும் கொண்ட உணவைத் தன்னார்வலர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். உடல் எடை ஏறாதபடி அளவைக் கட்டுப்படுத்தியும், அவர்கள் இரத்தத்தின் வி.எல்.டி.எல். துகள்களில் பால்மிட்டிக் அமிலம் கூடி, லினோலிக் அமிலம் குறைந்திருந்தது. முதலாவது உள்ளே கட்டக்கூடியது, இரண்டாவது வெளியிலிருந்து மட்டுமே வரக்கூடியது என்பதால், அந்த இரண்டின் விகிதமே சரக்கு எங்கே தயாரானது என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது. என் நான்கு மாத வைராக்கியத்தை யாரோ எனக்கு முன்னமே சோதனைச்சாலையில் செய்து பார்த்திருக்கிறார்கள்.

சவ்வு தன்னைத் தானே திருத்திக்கொள்கிறது

இதோடு நின்றிருந்தால், சர்க்கரைதான் குற்றவாளி, கொழுப்பு நிரபராதி என்ற இன்னொரு எளிய கதையோடு நான் திருப்தியடைந்திருப்பேன். இணையத்தில் அந்தக் கதைக்கும் பஞ்சமில்லை. என்னை அங்கே நிற்கவிடாமல் தள்ளியது செல் சவ்வைப் பற்றிய வாசிப்பு. நம் உடலின் ஒவ்வொரு செல்லும் ஏறக்குறைய 5 நானோமீட்டர் தடிமனுள்ள ஒரு படலத்தால் சூழப்பட்டிருக்கிறது. அது இரண்டு அடுக்குக் கொழுப்பால் ஆனது என்று 1925-இல் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்தெடுத்து நீரின் மேல் பரப்பி அளந்து கூறினார்கள். அது திடமான சுவர் இல்லை, புரதங்கள் மிதந்து நகரும் திரவப் படலம் என்ற சித்திரத்தை 1972-இல் சிங்கரும் நிக்கல்சனும் வரைந்தார்கள். அந்தப் படலம் மிகவும் இறுகினால் அதில் பதிந்த, வெளியிலிருந்து வருவதைப் பிடிக்கும் ஏற்பிகளும் வாயில்களும் சரியாக இயங்காது. மிகவும் இளகினால் ஒழுகும்.

இதைப் படித்ததும் என் பழைய காட்சி புதிய வேடத்தில் திரும்பி வந்தது. நிறைவுற்ற கொழுப்பை உண்டால் சவ்வில் அது சேரும், நிமிர்ந்த சங்கிலிகள் நெருங்கி அடுக்கிக்கொள்ளும், செல் விறைத்துப்போகும். குழாயில் உறைந்த கொழுப்பு போய், இப்போது செல்லில் உறைந்த கொழுப்பு. பல மாதங்கள் இதை நம்பினேன். நண்பர்களிடம் கையை மடக்கியும் நீட்டியும் விளக்கமும் கொடுத்திருக்கிறேன்.

இந்த நம்பிக்கையை உடைத்தது எலிகளில் செய்த ஒரு சோதனை. 2012-இல் வெளியான அந்த ஆய்வில், கொழுப்பின் மொத்த அளவை ஒன்றாக வைத்து, வகையை மட்டும் பெரிதும் மாற்றிய 12 விதமான உணவுகளை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் எலிகளுக்குக் கொடுத்தார்கள். பிறகு பல உறுப்புகளின் சவ்வுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். உணவில் நிறைவுற்ற கொழுப்பு எவ்வளவு ஏறினாலும் இறங்கினாலும் சவ்வில் அதன் பங்கு ஏறத்தாழ அசையாமல் நின்றது. ஓலிக் அமிலத்தின் வகையைச் சேர்ந்த, ஒரே மடிப்புள்ள கொழுப்பும் அப்படியே. உணவைப் பார்த்துச் சவ்வு மாறியது ஒரே ஒரு விஷயத்தில்: பல மடிப்புகள் உள்ள கொழுப்புகளின் ஒமேகா-6, ஒமேகா-3 என்ற இரு குடும்பங்களுக்கு இடையிலான சமநிலையில். அதிலும் ஒமேகா-3 உணவில் மிகக் குறைவாக இருக்கும் நிலையில்தான் சவ்வு மிகவும் கூர்மையாக அசைந்தது.

அந்த வரைபடத்தை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உணவின் அச்சு இடமிருந்து வலமாக ஓடுகிறது, சவ்வின் கோடு படுக்கையாகக் கிடக்கிறது. உண்டதை அப்படியே பூசிக்கொள்ளும் சுவராகச் செல்லை நான் கற்பனை செய்திருந்தேன்; அதுவோ தனக்கு வேண்டிய இளக்கம் இவ்வளவு என்று அறிந்து, வந்த சரக்கைத் திருத்தி எடுத்துக்கொள்கிறது. நிமிர்ந்த சங்கிலியின் ஒன்பதாவது கரி அணுவில் ஒரு மடிப்பைப் போட்டு ஸ்டியரிக் அமிலத்தை ஓலிக் அமிலமாக்கும் நொதி நம்மிடம் இருக்கிறது. இந்தத் திறமை மிகப் பழையது. குளிரில் வளர்த்த பாக்டீரியா தன் சவ்வில் மடிந்த சங்கிலிகளைக் கூட்டிக்கொண்டு, வெப்பத்தில் வளர்ந்ததன் அளவுக்கே இளக்கமாக இருப்பதை 1974-இல் அளந்து காட்டினார்கள். பனியில் நிற்கும் ரெயின்டீர் மானின் கால் நுனியில் உள்ள கொழுப்பு, உடலின் நடுப்பகுதியில் உள்ளதைவிடக் குறைந்த வெப்பநிலையில் உருகுவதும் இதே வகைச் சமாளிப்புதான்.

செல்லால் செய்ய முடியாத வேலை ஒன்று உண்டு. ஒன்பதாவது இடத்துக்கு அப்பால், சங்கிலியின் வால் பக்கமாக மடிப்பு போடும் நொதிகள் தாவரங்களிடம் இருக்கின்றன, நம்மிடம் இல்லை. ஆகவே ஒமேகா-6 குடும்பத்தின் மூத்ததான லினோலிக் அமிலமும், ஒமேகா-3 குடும்பத்தின் மூத்ததான ஆல்ஃபா லினோலெனிக் அமிலமும் உணவில் வந்தே ஆக வேண்டும். கொழுப்பு வெறும் ஆற்றல்தான், சர்க்கரை அந்த இடத்தை நிரப்பிவிடும் என்று நம்பப்பட்ட காலத்தில், ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற தம்பதியர் 1929-இல் எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத உணவைக் கொடுத்தார்கள். வாலில் செதில் உதிர்ந்தது, வளர்ச்சி நின்றது, சிறுநீரகம் கெட்டது, எலிகள் மடிந்தன. மிகச் சிறிய அளவு லினோலிக் அமிலம் கொடுத்ததும் மீண்டன. எலிக்கு அவர்கள் செய்ததை நான் எனக்கு நானே செய்துகொள்ளப் பார்த்திருக்கிறேன். பொட்டலத் தானியத்தில் ஒட்டியிருந்த சொச்ச எண்ணெய்தான் என்னைக் காப்பாற்றியிருக்க வேண்டும்.

இந்த இடத்தில் பால்மிட்டிக் அமிலத்துக்கும் நியாயம் செய்துவிட வேண்டும். சவ்வைக் கட்டும் கொழுப்பு மூலக்கூறான பாஸ்போலிப்பிடு ஒவ்வொன்றிலும் இரண்டு கொழுப்புச் சங்கிலிகள் இருக்கும். பொதுவாக ஒன்று நிமிர்ந்தது, மற்றது மடிந்தது. நிமிர்ந்தது இல்லாமல் சவ்வு இல்லை. நுரையீரலின் காற்றறைகள் மூச்சை விடும்போது ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பூச்சின் முதன்மையான பொருள், இரண்டு சங்கிலிகளும் பால்மிட்டிக் அமிலமாகவே அமைந்த ஒரு பாஸ்போலிப்பிடு. மடியாத சங்கிலிகள் நெருங்கி அடுக்கிக்கொள்வதால்தான் அந்தப் பூச்சு நீரின் இழுப்பை வெல்கிறது. குறைமாதக் குழந்தைகள் மூச்சுக்குத் திணறுவதற்கு இந்தப் பூச்சு போதாததே பெரிய காரணம். நான் வில்லன் என்று நினைத்த அதே விறைப்பை நம்பித்தான் ஒவ்வொரு மூச்சும் போய்வருகிறது.

திருத்தும் கை சளைக்கும்போது

அப்படியானால் எந்தக் கொழுப்பை உண்டாலும் ஒன்றுதானா என்றால், இல்லை. திருத்தும் வேலைக்கு ஓர் எல்லை இருக்கிறது. வளர்ப்புத் தட்டில் உள்ள செல்களின் மேல் பால்மிட்டிக் அமிலத்தை மட்டும் அளவுக்கு மீறி ஊற்றினால் அவை சாகின்றன. ஓலிக் அமிலத்தை ஊற்றினால் அதை டிரைகிளிசரைடுத் துளிகளாக உருட்டி ஓரமாக வைத்துக்கொண்டு பிழைக்கின்றன. இரண்டையும் சேர்த்து ஊற்றினாலும் பிழைக்கின்றன என்பதுதான் 2003-இல் வெளியான ஆய்வின் சுவையான பகுதி: மடிந்த சங்கிலி கூட இருந்தால் நிமிர்ந்ததையும் பத்திரமாக மூட்டை கட்டிவிட முடிகிறது. மூட்டை கட்ட முடியாத பால்மிட்டிக் அமிலம் செராமைடு முதலிய வேறு பொருள்களாக மாறுகிறது. செராமைடு கூடிய தசையிலும் கல்லீரலிலும் இன்சுலின் கதவைத் தட்டுகிறது, உள்ளே யாருக்கும் சரியாகக் கேட்பதில்லை.

தட்டில் நடப்பது மனிதரிடம் நடக்குமா என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த நேர்த்தியான விடை ஸ்வீடனில் செய்த ஒரு சோதனை. 2014-இல் வெளியானது. சரியான எடையுள்ள 39 இளைஞர்களும் இளம்பெண்களும் 7 வாரம் வழக்கமான உணவுக்கு மேல் மஃபின்கள் சாப்பிட்டார்கள். ஒரு பிரிவின் மஃபினில் நிறைவுற்ற கொழுப்பு மிகுந்த பாமாயில். மறுபிரிவில் லினோலிக் அமிலம் மிகுந்த சூரியகாந்தி எண்ணெய். எது எதில் என்று உண்டவர்களுக்குத் தெரியாது. சர்க்கரை ஒன்றே, மாவு ஒன்றே, ஏறிய எடையும் ஒன்றே: இரு பிரிவிலும் சராசரி 1.6 கிலோகிராம். ஆனால் அந்த எடை போய்ச் சேர்ந்த இடம் ஒன்றாக இல்லை. பாமாயில் பிரிவினருக்குக் கல்லீரலிலும் வயிற்றுக்குள்ளும் கொழுப்பு தெளிவாகக் கூடுதலாகச் சேர்ந்தது. சூரியகாந்திப் பிரிவினரிடம் ஏறிய எடையில் கொழுப்பல்லாத திசுவின் பங்கு ஏறத்தாழ மூன்று மடங்கு. ஒரே அளவு கலோரி, ஒரே தராசு எண். தராசில் ஏறி இறங்குவதையே உடல்நலமாக எண்ணிவந்த எனக்கு, கொழுப்பின் வகை வெறும் கலோரிக் கணக்குக்குள் அடங்காது என்பது இங்கேதான் உறைத்தது.

இரத்தக்குழாய்க் கதையும் கல்லீரலில்தான் தொடங்குகிறது. இரத்தத்தில் சுற்றும் எல்.டி.எல். துகள்களைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகளைக் கண்டுபிடித்ததற்காக பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் 1985-இல் நோபல் பரிசு பெற்றார்கள். நிறைவுற்ற கொழுப்பு மிகுந்த உணவில் அந்த ஏற்பிகள் குறைகின்றன. பிடிப்பார் இல்லாத துகள்கள் இரத்தத்தில் நெடுநேரம் சுற்றி, குழாய்ச்சுவருக்குள் நுழையும் வாய்ப்பும் கூடுகிறது. இங்கே எதுவும் உறையவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 37 டிகிரி உடலில் அடைப்பு உண்டாவது சுவருக்குள் நுழைந்த துகளும் அதைத் தின்ன வந்த வெள்ளணுக்களும் சேர்ந்து பல ஆண்டுகளில் கட்டும் ஒரு புண்ணால்.

இதன் பயனை அளக்கப் போன பெரிய சோதனைகள் ஒரே குரலில் பேசவில்லை, அதை மறைப்பதும் சரியில்லை. 48,835 பெண்களைக் கொண்ட அமெரிக்க ஆய்வு ஒன்றில் கொழுப்பைப் பொதுவாகக் குறைக்கச் சொல்லி ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் தொடர்ந்தும் இதயநோய் குறிப்பிடும்படி குறையவில்லை என்று 2006-இல் அறிவித்தார்கள். மினசோட்டாவில் 1968 முதல் 1973 வரை நடந்த சோதனையில் நிறைவுற்ற கொழுப்புக்குப் பதில் சோள எண்ணெய் கொடுத்ததும் கொலஸ்ட்ரால் இறங்கியது, இறப்பு இறங்கவில்லை; அந்தப் பழைய தரவுகள் 2016-இல்தான் முழுமையாக வெளியாயின. மறுபுறம், இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் நடந்த சோதனைகளைத் திரட்டிய 2020-ஆம் ஆண்டின் காக்ரேன் தொகுப்பு, நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்தவர்களிடம் இதய, இரத்தக்குழாய் நிகழ்வுகள் 17 விழுக்காடு குறைந்ததாகக் கண்டது; மொத்த இறப்பில் வேறுபாடு தெரியவில்லை. என் வாசிப்பில், எதைக் குறைத்தார்கள் என்பதைவிட அந்த இடத்தில் எதை வைத்தார்கள் என்பதே இந்த முரண்களில் பெரும்பகுதியை விளக்குகிறது. மருத்துவர் என்னிடம் கேட்டதும் அதைத்தான்.

மடிப்பின் விலை

அப்படியென்றால் மடிப்புகள் கூடக்கூட நல்லதா? கண்ணின் விழித்திரையிலும் மூளையிலும் 22 கரி அணுக்களும் 6 இரட்டைப் பிணைப்புகளும் கொண்ட டி.எச்.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்பு அமிலம் அடர்ந்திருக்கிறது, ஒளி பட்டதும் புரதங்கள் சட்டென்று உருமாற அத்தனை இளக்கம் அங்கே தேவை. ஆனால் இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு இடையில் மாட்டிக்கொண்ட ஹைட்ரஜனை ஆக்சிஜன் எளிதில் பறித்துவிடும்; பறிகொடுத்த சங்கிலி அடுத்ததிடம் பறிக்கும். எண்ணெய் காறிப்போவது புட்டியில் மட்டும் நடப்பதில்லை. செல் வைட்டமின் ஈ-யை வைத்து அந்தத் தொடரை அறுக்கிறது. அறுக்க முடியாமல் செல் செத்துப்போகும் ஒரு வகைக்கு 2012-இல் ஃபெராப்டோசிஸ் என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய எலி அளவே இருந்தும் 30 ஆண்டுகள் வாழும் நிர்வாண வளை எலியின் திசுச் சவ்வுகளில் டி.எச்.ஏ. சாதாரண எலியினுடையதைவிட மிகக் குறைவு என்பது யோசிக்க வைக்கும் செய்தி.

சவ்வில் இருக்கும் இந்த நெடுஞ்சங்கிலிகள் செய்தியாகவும் மாறுகின்றன. காயமோ கிருமியோ பட்டால் செல் தன் சவ்விலிருந்தே ஒமேகா-6 குடும்பத்து அராகிடோனிக் அமிலத்தை வெட்டி எடுத்து, புரோஸ்டாகிளாண்டின், துரோம்பாக்சேன் முதலியவற்றைச் செய்கிறது. வலி, வீக்கம், இரத்தம் உறைதல் எல்லாம் இவற்றின் வேலை. ஆஸ்பிரின் இந்தத் தயாரிப்பைத்தான் தடுக்கிறது என்று 1971-இல் ஜான் வேன் காட்டினார். 1982-இல் நோபல் பரிசு. அதே இடத்தில் ஒமேகா-3 குடும்பத்து ஈ.பி.ஏ. உட்கார்ந்திருந்தால் உண்டாகும் செய்தியின் வீரியம் குறைவு. இதை வைத்து மீன் எண்ணெய் மாத்திரையைச் சர்வரோக நிவாரணியாக விற்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. என்னைப்போல டிரைகிளிசரைடு கூடியவர்களிடம், நாளுக்கு 4 கிராம் சுத்திகரித்த ஈ.பி.ஏ. இதய நிகழ்வுகளை 25 விழுக்காடு குறைத்தது என்று 2018-இல் ஒரு சோதனை சொன்னது, ஈ.பி.ஏ.யும் டி.எச்.ஏ.யும் கலந்த 4 கிராமால் பயன் இல்லை என்று 2020-இல் இன்னொன்று சொன்னது. ஆய்வாளர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ட்ரான்ஸ் கொழுப்பில் மட்டும் வாதத்துக்கு இடமில்லை. எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்திக் கெட்டியாக்கும் முறைக்கு 1902-இல் ஜெர்மனியின் வில்ஹெல்ம் நார்மன் காப்புரிமை பெற்றார். அரைகுறையாகச் செலுத்தும்போது சில பிணைப்புகள் மடிப்பு நிமிர்ந்த நிலையில் தங்கிவிடுகின்றன. பெயருக்கு நிறைவுறாதது, உருகுநிலையோ 45 டிகிரியை ஒட்டியது. அது எல்.டி.எல்.-ஐ ஏற்றி, 'நல்ல கொலஸ்ட்ரால்' எனப்படும் எச்.டி.எல்.-ஐயும் இறக்குகிறது என்று மென்சிங்கும் காட்டனும் 1990-இல் காட்டினார்கள். 1957-லேயே ட்ரான்ஸ் கொழுப்பைப் பற்றி எச்சரித்த அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஃபிரெட் கும்மரோ, 2009-இல் அமெரிக்க உணவு மருந்து ஆணையத்திடம் மனுக் கொடுத்து, பதில் வராமல் 2013-இல் வழக்கும் தொடுத்தார். 2015-இல் அரைகுறையாக ஹைட்ரஜனேற்றிய எண்ணெயைப் பாதுகாப்பானதாகக் கருத முடியாது என்று ஆணையம் முடிவெடுத்தபோது அவருக்கு வயது நூறு.

மேல்தட்டில் ஏற்றிய புட்டிகளைக் கீழே இறக்கிவிட்டேன். பழச்சாறும் பொட்டலங்களும் போயின. கொட்டைப் பருப்புகளும் மஞ்சள் கருவும் திரும்பி வந்தன. கூடவே மாலை நடையும் சேர்ந்துகொண்டதால், அடுத்த நான்கு மாதம் கழித்து வந்த 139 என்ற எண்ணில் எதற்கு எவ்வளவு பங்கு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஒருவன் தன்மேல் செய்துகொள்ளும் சோதனையின் மதிப்பு அவ்வளவுதான். அன்று காலை இரத்தம் எடுத்தவர், குழாயில் என் பெயர்ச்சீட்டை ஒட்டி, இரண்டு மூன்று முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தி, தட்டில் செருகினார். சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிர்வாழும் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. உட்கருவைத் துறந்துவிட்டுப் பிறப்பதால் அதனால் தன் சவ்வைப் புதிதாகக் கட்டிக்கொள்ள முடியாது. பிறந்தபோது வாய்த்ததை வைத்துக்கொண்டு, சுற்றியுள்ள இரத்தத்தோடு கொஞ்சம் கொடுத்து வாங்கிக் காலம் தள்ளும். கணக்குப் பார்த்தேன். அந்தக் குழாயில் இருந்தவற்றில் மிக மூத்தவை, நான் எண்ணெயைத் தொடாமல் பழச்சாறு குடித்துக்கொண்டிருந்த கடைசி நாள்களில் பிறந்தவை.